வயிறு நிறையப் படுத்த புல்

மார்ச் நடுப்பகுதியில், சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசனில் அந்த ஆண்டின் கடைசி வெண்பனி கரைந்து முடிந்த காலையில், தவச்செல்வன் நான்கு குடியிருப்புக் கட்டடங்களுக்கு நடுவே இருந்த புல்தரையின் ஓரத்தில் நின்றார். கையுறையைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். நவம்பரில் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்த பச்சை இப்போது சாம்பல் நிறத்தில் தரையோடு ஒட்டிக் கிடந்தது. குனிந்து தடவினார். நனைந்து சிக்குண்ட தலைமயிரைப் போலக் கையோடு வந்தது. ஓரங்களில் மெல்லிய இளஞ்சிவப்பு படர்ந்திருந்தது. பனிக்கு அடியில் வளரும் பூஞ்சை.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடம் ஒரு ஹோட்டல் சமையலறையில் சட்டி கழுவி, முதுகு மறுத்த பிறகு கிடைத்த வேலை இது. ஹவுஸ்வார்ட், அதாவது கட்டடப் பராமரிப்பாளர். இரண்டு வருடமாக அறுபது வீத வேலைதான். மே மாதத்திலிருந்து முழுநேரம் தருவதாக நிர்வாகத்துப் பெண்மணி ஃப்ராவ் ஹியூர்லிமான் சொல்லியிருந்தார். சொல்ல வைத்ததே இந்தப் புல்தான். நவம்பரில் அதைப் படம் எடுத்து, குடியிருப்பாளர்களுக்கு அனுப்பும் சுற்றறிக்கையில் போட்டிருந்தார்.

"கண்ணூறு பட்டிட்டுது," என்றார் பல்கனியில் நின்ற மனைவி யசோதரா. "அந்த மனிசி படம் எடுக்கேக்கையே நினைச்சனான். நாலு மூலையிலயும் எலுமிச்சம்பழம் வெட்டி வைக்கட்டே?"

"வை. வந்து அதையும் படம் எடுப்பா."

கண்ணூறு என்றால் எவ்வளவு வசதி! யாரோ ஒருவருடைய பார்வையில் பழியைப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். தவச்செல்வனுக்கு அந்த வசதி இல்லை. புல் செத்திருந்த விதத்தை அவர் பார்த்துவிட்டார். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சாகவில்லை. நேர்கோடாகச் செத்திருந்தது. படிக்கட்டிலிருந்து வேலிவரை ஒரு பட்டை, வேலியோரம் திரும்பி மறுபடி படிக்கட்டுவரை இன்னொரு பட்டை.

அந்த வழியில் நடந்தவர் யார் என்று அவருக்குத் தெரியும்.

ஒக்ரோபரில் நிலவறையில் இரண்டு உர மூட்டைகள் இருந்தன. ஒன்று இலையை வளர்க்கும் வசந்தகால உரம். மற்றது புல்லை இறுக்கி உறக்கத்துக்கு அனுப்பும் இலையுதிர்கால உரம். மூட்டையில் எழுதியிருந்ததை அவர் வாசித்தார், விளங்கியது, நம்பத்தான் முடியவில்லை. அவர் பிறந்த ஊரில் புல் என்பது வெங்காயப் பாத்தியிலிருந்து பிடுங்கி ஆட்டுக்குப் போடுவது. பயிர் என்பது அறுக்கும் நாள்வரை சாப்பிடுவது. செடி உறங்கும் என்று அங்கே யாரும் சொன்னதில்லை.

"மாசக்கணக்கா ஸ்னோவுக்குள்ள கிடக்கப்போகுது. வெறும் வயித்தோட படுக்க விடலாமோ?" என்று அன்று யசோதராவிடம் கேட்டார். வீட்டுக்கு வந்த யாரையும் சாப்பிடாமல் அனுப்பாத மனிதர், புல்லையும் விருந்தாளியாக்கிவிட்டார். வசந்தகால உரத்தைத் தள்ளுவண்டியில் நிரப்பித் தரை முழுக்கத் தூவினார். மனம் ஆறாமல் நடுவில் இரண்டு பட்டைகளுக்கு இன்னொரு தரமும் தூவினார். அந்த இரண்டு பட்டைகளிலும் நவம்பரில் புல் கொழுத்து, தளதளத்து நின்றது. பிறகு பனி விழுந்தது. பூஞ்சைக்கு அதைவிடப் பெரிய விருந்து வேறு யாரும் வைத்திருக்க முடியாது.

இரண்டு நாள் கழித்துக் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் திரேசா, கையில் நிர்வாகத்தின் கடிதத்தோடு வந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள்; ஆறும் எட்டும் வயதான இரண்டு மகள்களைத் தனியாக வளர்ப்பவள்.

"அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ. என்ர பிள்ளையள் ஸ்னோவுக்கு மேல ஏறி விளையாடிப் புல்லைப் பழுதாக்கிப் போட்டினமாம். ரெண்டாவது எச்சரிக்கையாம். இன்னொண்டு வந்தா வீட்டு வாடகைக் கொந்தராத்தை முறிக்கிறதைப் பற்றி யோசிப்பினமாம்."

அவர் வாசித்தார். ஏப்ரல் எட்டாம் தேதி நேரில் வந்து சேதத்தைப் பார்ப்பதாகவும் எழுதியிருந்தது.

"ஜனவரியில ஒரு ஸ்னோமேன் செய்தவை. அவ்வளவுதான். ஸ்னோமேன் என்ன எருமை மாடோ, புல்லை மேய?"

"நான் பாக்கிறன் பிள்ளை," என்றார் தவச்செல்வன். கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அவளுக்கு முதல் எச்சரிக்கை, கட்டடத்துப் பொதுச் சலவை அறையில் தன் முறை இல்லாத நாளில் உடுப்புத் தோய்த்ததற்காக வந்தது. தனியாக இருக்கும் ஒரு பெண், இரண்டு பிள்ளைகள், செத்த புல். மேல்மாடிக்காரர் ஒருவர் முறைப்பாடு எழுத, நிர்வாகம் ஒரே நாளில் கூட்டிக் கழித்து விடை கண்டுவிட்டது. குனிந்து புல்லைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. பார்த்திருந்தால், எந்த ஆறு வயதுப் பிள்ளை அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு விளையாடும் என்றாவது கேட்டிருக்கலாம்.

தவச்செல்வன் ஒரு திட்டம் போட்டார். எட்டாம் தேதிக்குள் புல்லை முளைக்க வைத்துவிட்டால் சேதமே இல்லை. சேதம் இல்லை என்றால் கடிதம் தானாகச் செத்துவிடும். திரேசாவும் தப்பினாள், மே மாதமும் தப்பியது. இதுதான் எல்லோருக்கும் நல்லது என்று அவர் தனக்குத்தானே பல தரம் சொல்லிக்கொண்டார். பல தரம் சொல்ல வேண்டியிருந்தது.

செத்ததை வாரி அள்ளினார். மண்ணைக் கீறினார். விதை தூவி, மெல்லிய வெள்ளைத் துணியால் மூடினார். மண்ணுக்குள் வெப்பமானியைக் குத்தினார். ஐந்து பாகை. விதை கண் திறக்க எட்டு, பத்துப் பாகையாவது வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தரம் போய்ப் பார்த்தார். குப்பைத் தொட்டிகளை இழுத்து வைக்கும்போது ஒரு தரம், சாப்பாட்டுக்கு முன் ஒரு தரம், சாப்பாட்டுக்கு நடுவே எழும்பி ஒரு தரம், படுக்கப் போகுமுன் ஒரு தரம். ஐந்து. ஐந்தரை. பிறகு வடகிழக்கிலிருந்து பீஸ் என்கிற குளிர்காற்று மூன்று நாள் அடித்தது. துணி பறந்து வேலியில் தொங்கியது. நான்கு.

திரேசா பிள்ளைகளை வெளியே விடவில்லை. அவர் முழங்காலில் இருந்து மண்ணைப் பார்க்கும்போதெல்லாம் சின்னவள் ஜன்னல் கண்ணாடியைத் தட்டுவாள். முளைத்துவிட்டதா என்று விரலால் கேட்பாள். அவர் தலையை ஆட்டுவார், இல்லை. அவள் முகத்தைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு நிற்பாள். அதன் பிறகு அந்த ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி உட்காரத் தொடங்கினார்.

ஏப்ரல் ஏழாம் தேதி மாலை வெப்பமானி ஆறு காட்டியது. ஒரு முளைகூட இல்லை.

"நீங்கள் போட்ட உரம்தானே?" என்றார் யசோதரா. எலுமிச்சம்பழப் பேச்சு நின்று பல நாளாகியிருந்தது.

"ஓம்."

"நீங்கள் சொல்லாட்டி ஆருக்குத் தெரியப்போகுது?"

"கோடு தெரியுது யசோ."

"அவையளுக்குத் தெரியேல்லையே! மே மாசம் வரட்டும், வேலை கைக்கு வரட்டும், பிறகு சொல்லுங்கோ."

"அதுக்குள்ள அவளுக்கு மூண்டாவது கடிதம் வந்திடும்."

"உங்கட வாய்க்கு ஏற்ற பூட்டு மிக்ரோஸ் கடையிலயும் விக்கிறேல்லை," என்றுவிட்டு யசோதரா தேநீரை மேசையில் வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் காலை ஃப்ராவ் ஹியூர்லிமான் கோப்போடு வந்தார். திரேசா வாசலில் கை கட்டி நின்றாள். தவச்செல்வன் நிலவறையிலிருந்து உரம் தூவும் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"இப்போது உரம் போட நேரமில்லை, ஹெர் தவச்செல்வன்."

"வண்டி வெறுமையாக இருக்கிறது. பாருங்கள்," என்றார் ஜெர்மனில்.

படிக்கட்டிலிருந்து வேலிவரை வண்டியைத் தள்ளினார். செத்த பட்டைக்குள் வண்டி அச்சாகப் பொருந்தியது. வேலியோரம் திரும்பினார். பட்டையும் திரும்பியது. திரும்பி வந்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, பனிக்கு முன் தவறான உரத்தைத் தானே இரண்டு தரம் போட்டதைச் சொன்னார். பிள்ளைகளுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை என்றார்.

ஃப்ராவ் ஹியூர்லிமான் பட்டையை நெடுநேரம் பார்த்தார். "கடிதத்தை மீளாய்வு செய்கிறோம்."

"மீளாய்வு வேண்டாம். தவறு என்று எழுதித் தாருங்கள். கடிதம் எழுத்தில்தான் வந்தது."

"மே மாதத்தைப் பற்றி நாம் மறுபடி பேச வேண்டியிருக்கும். அது உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். முதலில் அதை எழுதுங்கள்."

அந்தப் பெண்மணி தன் காரின் கூரைமேல் கோப்பை விரித்து வைத்து எழுதிக் கையெழுத்திட்டார். தவச்செல்வன் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் திரேசாவிடம் கொடுத்தார். கார் போனது.

திரேசா நன்றி சொல்லவில்லை.

"கடிதம் வந்த அண்டைக்கே தெரியுமோ அண்ணை?"

"ஓம்."

"மூண்டு கிழமை. சின்னவளுக்கு நான் அடிச்சும் போட்டன், புல்லைச் சாக்காட்டிப் போட்டாய் எண்டு." கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள். "நாலு தரம் மண்ணைப் பாக்க வரேக்க, ஒரு தரம் என்ர கதவைத் தட்டியிருக்கலாம்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அடுத்த கிழமை முழுநேர வேலை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. அன்று பிற்பகல் மண் எட்டரை பாகை. தவச்செல்வன் கம்பு நட்டு, விதைத்த இரண்டு பட்டைகளையும் மட்டும் கயிற்றால் அடைத்தார். நிர்வாகம் அனுப்பியிருந்த "புல்லில் நடக்கக்கூடாது" பலகையை நிலவறையில் உர மூட்டைக்குப் பின்னால் வைத்தார். பிறகு திரேசாவின் கதவடிக்குப் போய், கையுறையைக் கழற்றிவிட்டு, மணியை அடித்தார்.

"பிள்ளையளை விடு தங்கச்சி. கயிறு கட்டாத இடமெல்லாம் ஓடலாம்."

திரேசா அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கைக்குக் கீழாக நுழைந்து சின்னவள் வெறுங்காலோடு வெளியே ஓடினாள். நேராக ஓடவில்லை.