முன் இடது ரயர்

இது கதை இல்லை. நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமல் இருக்கலாம், எனக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆனால் துஷ்யா பொய் சொல்லுகிற ஆள் கிடையாது. பேய், பிசாசு என்று யாராவது பேச்சை எடுத்தால் "உங்களுக்கு வேற வேலை இல்லையோ" என்று வாயை அடைக்கிற ஆள். அவளே இப்போது மழை தூறினால் கார் திறப்பைக் கையில் எடுப்பதில்லை.

போன ஒக்டோபர் மாதம். இடம் லண்டனில் குட்மேய்ஸ். எல்லாம் பட்டப்பகலில் நடந்தது, அதை முதலிலேயே சொல்லி விடுகிறேன்.

துஷ்யாவிடம் ஒரு சின்னச் சிவப்புக் கார் இருந்தது. மகள் தாரகாவுக்கு ஆறு வயது. மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், நல்ல மழை. பள்ளிக்கூடத்தால் பிள்ளையை ஏற்றிக்கொண்டு வரும்போது ரவுண்டபவுட்டில் பிரேக் அடித்தாள். கார் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போனது. முன்னால் நின்ற லொறிக்கும் காருக்கும் இடையில் ஒரு சாண் மிச்சம். பின்சீற்றில் தாரகா சிரித்தாளாம், விளையாட்டு என்று நினைத்து.

அன்றிரவு துஷ்யாவுக்கு நித்திரை இல்லை. ரயர் மாற்ற வேண்டும், அதுவும் மழையில் வழுக்காத ரயர். அவ்வளவுதான் அவள் மனதில். வாட்ஸ்அப் குழுவில் கேட்டாள், கேட்டிருக்கக் கூடாது. ஆளுக்கு ஒரு ரயர் சொன்னார்கள். கணவன் சஞ்சயன் எல்லாக் காலத்துக்குமான ரயர் போதும் என்றான். அவள் ஒன்றையும் கேட்கவில்லை. ஒவ்வொரு ரயரின் லேபிளையும் தேடிப் பார்த்தாள். ஈரத் தெருவில் பிடிமானம் 'ஏ' என்று போட்டிருந்தது ஒரு சமர் ரயருக்கு, கோடைக்கான ரயருக்குத்தான். வேகக் கார்களுக்கென்று செய்த மென்மையான ரப்பர். அவளுடைய குட்டிக் காரின் அளவிலும் அது இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை காலை ஞானேஸ்வரன் அண்ணையின் ரயர் கடைக்குப் போனாள். அவர் இருபது வருடம் ஜேர்மனியில் இருந்துவிட்டு வந்தவர். ரயர் விஷயத்தில் அங்கத்தைய ஒழுங்கை இன்னும் விடவில்லை.

"சமர் ரயரோ? ஒக்டோபரிலயோ? அங்க இந்த மாசம் அதைக் கழட்டுவினம் பிள்ளை. ஏழு டிகிரிக்குக் கீழ போனா ரப்பர் இறுகிப்போகும்."

"இது லண்டன் அண்ணை. இங்க ஸ்னோ எங்க கொட்டுது? மழைதானே."

"அது சரிதான். மழைக்கு இதை அடிக்க வேற ரயர் இல்லை. ஆனா மூண்டுதான் இருக்கு. நாலாவது ரயர் வாற செவ்வாய்க்கிழமைதான் வரும்."

கடையின் மூலையில் அதே ரயர் ஒன்று தனியாகச் சாத்தி இருந்தது. புத்தம் புதிது. ஒரு சின்னத் துண்டில் ஒரு போன் நம்பர் எழுதி ஒட்டியிருந்தது.

"அதைப் போடுங்கோவன்."

"அது வேண்டாம் பிள்ளை. ஒரு ஆள் ஓடர் பண்ணி வச்சது."

"எப்ப?"

"ஒரு மாசம் இருக்கும். போன் எடுத்தனான், மறுமொழி இல்லை."

"அண்ணை... பிள்ளையை வச்சு ஓடுறன். அந்தப் பழைய ரயரில இன்னொரு நாள் ஏத்த ஏலாது. அவருக்குச் செவ்வாய்க்கிழமை வாறதைக் குடுங்கோ."

ஒரு ஜேர்மன்காரன் என்றால் முடியாது என்று சொல்லியிருப்பான். எங்கள் ஆட்களுக்கு அது வராது. பிள்ளை என்ற சொல்லைக் கேட்டதும் அவர் இளகிவிட்டார். ஒட்டியிருந்த துண்டை உரித்துப் போட்டவள் துஷ்யாதான். அந்த ரயரை முன்னுக்கு, இடது பக்கம் பூட்டினார். சாரதிக்குப் பக்கத்தில் ஆள் இருக்கிற சீற்றுக்கு நேர் முன்னால்.

வெள்ளிக்கிழமை காலை 7.50. துஷ்யா நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்தாள். கார் வாங்கினாலும் ரயர் மாற்றினாலும் அவள் வீட்டில் அது வழக்கம். காரை மெதுவாக முன்னுக்கு எடுத்தாள். நசிகிற சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தாள்.

மூன்றுதான் நசிந்திருந்தன.

முன் இடது பக்கத்துத் தேசிக்காய் வைத்த இடத்தில், வைத்தபடி இருந்தது. சில்லு அதைத் தாண்டிப் போயிருந்தது. அதன்மேல் ஒரு கீறல்கூட இல்லை. உருண்டு போய்த் திரும்பி வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதைக் குப்பையில் போட்டாள்.

அன்றும் அடுத்த இரண்டு நாளும் வெயில். ஒன்றும் நடக்கவில்லை. கார் தெருவைக் கவ்விப் பிடித்து ஓடியது. துஷ்யாவுக்குப் பெருமை தாங்கவில்லை, வாட்ஸ்அப் குழுவில் படம்கூடப் போட்டாள்.

திங்கட்கிழமை மழை.

பிற்பகல் 3.42. தாரகாவைப் பின்சீற்றில் ஏற்றி, பெல்ற் போட்டு, வைப்பரைப் போட்டாள்.

டிங்... டிங்... டிங்...

பக்கத்துச் சீற்றில் ஆள் இருக்கிறது, பெல்ற் போடவில்லை என்று கார் அடிக்கிற மணி. அங்கே அவளுடைய கைப்பைதான் இருந்தது. பையைக் கீழே வைத்தாள்.

டிங்... டிங்...

சீற்றில் கையை வைத்துப் பார்த்தாள். ஈரம். கண்ணாடி எல்லாம் பூட்டித்தான் இருந்தது. ஒரு பெரிய ஆள் இருந்த ஈரம் இல்லை அது. சின்னது. சீற்றின் விளிம்போடு, ஒரு சாண் அகலத்தில்.

வெறும் சீற்றுக்கு அவளே பெல்ற்றை இழுத்துக் கொழுவினாள். சத்தம் நின்றது. "சென்சர் பிழை" என்றாள், உரத்து. பிள்ளைக்குச் சொன்னாளா தனக்குச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியாது.

அன்று இரவு சஞ்சயன் சீற்றுக்கு அடியில் இருந்த வயர்களைக் கழற்றிப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. பெல்ற்றை அப்படியே கொழுவி விட்டான்.

புதன்கிழமை, மறுபடி மழை. நேரம் 3.45. வைப்பர் ஒரு தரம் போய் வந்தது.

கிளிக்.

பக்கத்துச் சீற்றின் பெல்ற் தானாகக் கழன்றது. துஷ்யா பார்த்துக்கொண்டே இருந்தாள். அது சட்டென்று சுருண்டு போகவில்லை. மெதுவாக... யாரோ கையால் விட்டு விட்டுக் கொண்டுபோவதைப்போலப் போனது.

டிங்... டிங்... டிங்...

"அம்மா," என்றாள் தாரகா பின்னால் இருந்து. "அந்த அக்காவுக்கு பெல்ற் போட விருப்பமில்லையாம்."

"எந்த அக்கா?"

"முன்னுக்கு இருக்கிறா."

துஷ்யா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். அதை அவள் ஒளிக்காமல் சொல்லுகிறாள். காரை அங்கேயே விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

பிறகு ஏன் வெள்ளிக்கிழமை காரை எடுத்தாய் என்று நானும் கேட்டேன். காலையில் நல்ல வெயில். ஆறு மணி வரைக்கும் மழை இல்லை என்று போனில் போட்டிருந்தது. தாரகாவுக்கு நாலரைக்கு நீச்சல் வகுப்பு. வெயிலில் ஒரு நாளும் அது வந்ததில்லை. இவ்வளவும் யோசித்துத்தான் எடுத்தாள்.

மாலை 4.09. இரட்டைச் சாலை. நாற்பது மைல் வேகம். இடமும் வலமும் வாகனங்கள்.

முதல் துளி கண்ணாடியில் விழுந்தது.

அடுத்த நிமிடம் பேய் மழை. தெரு முழுக்கத் தண்ணீர். நிறுத்த ஓரம் இல்லை. வைப்பர் போடாமல் கொஞ்சத் தூரம் ஓடிப் பார்த்தாள். ஏலாது. போட்டாள்.

டிங்...

துஷ்யா கண்ணைத் தெருவை விட்டு எடுக்கவில்லை. பேருந்து நிறுத்தம் ஒன்று வரும், அதில் நிற்பாட்டலாம். இன்னும் இரண்டு நிமிடம். பிள்ளை பெல்ற்றோடு இருக்கிறாள். ஒன்றும் ஆகாது.

டிங்... டிங்...

பக்கத்துக் கண்ணாடியில் ஆவி படிந்தது. உள்ளே இருந்து. கீழ்ப்பக்கம், சின்ன வட்டமாக. ஒரு பெரிய ஆளின் வாய் அவ்வளவு கீழே வராது.

பிறகு, சத்தம் நின்றது.

மழைச் சத்தம் மட்டும்.

கிளிக்.

இந்தத் தரம் பின்னால்.

முன்பலகையில் சிவப்பு விளக்கு. பின்சீற், இடது பக்கம். தாரகாவின் பெல்ற்.

"தாரகா!"

"அக்கா முன்னுக்கு வரட்டாம், அம்மா. மடியில இருக்கலாமாம்."

"பெல்ற்றைப் போடு! இப்ப போடு!"

"ஏலாது அம்மா... கையைப் பிடிச்சிருக்கிறா."

பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தாள். தாரகா இரண்டு சீற்றுக்கும் நடுவில் பாதி வந்துவிட்டாள். அவளுடைய வலது கை முன்னுக்கு நீண்டிருந்தது. சட்டையின் கை இழுபட்டு விறைத்து நின்றது.

இழுக்கிற கை தெரியவில்லை.

துஷ்யா இடது கையைப் பிள்ளையின் நெஞ்சுக்குக் குறுக்கே போட்டாள். பிரேக்கை மிதித்தாள்.

மூன்று ரயரும் பிடித்தன.

முன் இடது மட்டும்... கீழே தெருவே இல்லாததைப்போல.

கார் சுழன்றது. பின்னால் ஹோர்ன். வெளிச்சம். தண்ணீர். ஹோர்ன்.

நின்றது.

4.17.

பேருந்து நிறுத்தத்துக்குள், வந்த வழியைப் பார்த்தபடி கார் நின்றது. எதிலும் முட்டவில்லை. தாரகா அவளுடைய கைக்குள் இருந்தாள். மூச்சு இருந்தது, அழுகை இருந்தது, ஒரு காயம் இல்லை. ஆனால் வலது கைச் சட்டை முழங்கை வரைக்கும் நனைந்து தண்ணீர் சொட்டியது. கார் கதவு ஒன்றும் திறக்கவில்லை.

துஷ்யா பிள்ளையோடு இறங்கி நிறுத்தத்துக் கூரைக்குக் கீழே நின்றாள். ஞானேஸ்வரன் அண்ணைக்குப் போன் எடுத்தாள். "வந்து அந்த ரயரைக் கழட்டுங்கோ" என்று மட்டும் சொன்னாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. 4.55க்குக் கடை வானை ஓட்டிக்கொண்டு வந்தார், தெருவிலேயே ஜக் போட்டார், வேறு சில்லைப் பூட்டினார். அதன் பிறகு அந்தக் காரில் மணி அடிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை காலை துஷ்யா கடைக்குப் போனாள். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. ஓடர் எழுதுகிற கொப்பியை எடுத்து விரித்தார்.

"பிரியந்தன் எண்டு ஒரு ஆள். செப்டம்பர் பன்ரண்டாம் திகதி, வெள்ளிக்கிழமை. எனக்கு நல்ல ஞாபகம். நல்ல மழை. தகப்பனும் மகளும் வந்தவை. மகளுக்கு ஒரு எட்டு வயசிருக்கும். பிள்ளை நனைஞ்சு தெப்பமா நிண்டது. துவாய் குடுத்தன், வாங்கேல்லை. அந்த மனுசன் பிள்ளையைத் திரும்பிக்கூடப் பாக்கேல்லை. ஒரு கதை கதைக்கேல்லை. எனக்குச் சரியான கோவம் வந்தது."

இத்தனை நாளும் மறுமொழி இல்லாத நம்பருக்கு அவர் மறுபடி போன் எடுத்தார். அன்றைக்கு எடுபட்டது. துஷ்யாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

பிரியந்தன் இப்போது மோர்டனில் தமையன் வீட்டில் இருக்கிறாராம். குரல் மெதுவாக வந்தது.

"அந்த ரயர் வேண்டாம் அண்ணை. ஆருக்கும் குடுங்கோ. போட என்னட்டக் கார் இல்லை."

"மன்னிக்கோணும் தம்பி, அதை நான் ஏற்கெனவே ஒராளுக்குப் பூட்டிப்போட்டன். நீங்களும் மகளும் இவ்வளவு மழைக்குள்ள வந்து சொல்லிட்டுப் போனது... அதுதான் மனசுக்குச் சரியில்லை."

போன் வெட்டுப்பட்டதோ என்று ஞானேஸ்வரன் திரையைப் பார்த்தார்.

"மகளோ?"

"ஓம், அண்டைக்கு உங்களோட வந்தவ."

"அண்ணை... அவ செப்டம்பர் எட்டாம் திகதி போயிட்டா. மழையில கார் வழுக்கி. என்ர பக்கத்தில இருந்தவ. அந்தப் பக்கத்து ரயர் தேஞ்சுபோச்சு, மாத்தோணும் மாத்தோணும் எண்டு மூண்டு மாசமாச் சொல்லிக்கொண்டிருந்தனான். மாத்தேல்லை. பன்ரண்டாம் திகதி ஆஸ்பத்திரியில பிள்ளையை இன்னும் தரவும் இல்லை. என்ன செய்யிறது எண்டு தெரியாம நடந்து வந்து அந்தப் புது ரயரை ஓடர் பண்ணினன்."

ஞானேஸ்வரன் கொப்பியில் பன்னிரண்டாம் திகதிக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தார்.

"நான் தனியத்தான் வந்தனான், அண்ணை."