மே மாதத்தில் பிறந்த பிள்ளைகள்

திண்டிவனத்தில் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு மாடி அறையில், வெளிநாடு போகிறவர்களுக்குத் தாள்களைத் தயார் செய்து தரும் ஆள் ஒருவன் இருந்தான். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத்தான் தாள் புரட்டுவான். என் மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அவன் எச்சில் பட்டுக் காய்வதைப் பார்த்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் குமட்டியது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. நான் ஐந்தாவது வரை படித்தவன். மேசைக்கு அந்தப் பக்கம் யார் இருந்தாலும் அவர் சொல்வதற்குத் தலையாட்டிவிடுவேன்.

மகள் விழுப்புரத்தில் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். பயிர் நோய்களைப் பற்றி ஏதோ எழுதி அனுப்பியதில், தைவானில் ஓர் ஆய்வுக்கூடம் அவளை இரண்டு மாதப் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தது. அவள் வகுப்பில் வேறு யாருக்கும் அது கிடைக்கவில்லை. பாஸ்போர்ட் வாங்கியாகிவிட்டது. பிறப்புச் சான்றிதழ் உட்பட மற்றத் தாள்கள் மூன்று வாரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் வீடு விழுப்புரத்தை அடுத்த கோலியனூர்ப் பக்கம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் அவள் பிறந்தது திண்டிவனத்தில். சான்றிதழும் அங்கேதான் வாங்க வேண்டும். அதுவரை அதை நான் கண்ணால் பார்த்ததில்லை. இரண்டு நாள் அலைந்து வாங்கிப் பார்த்தால், அதில் அக்டோபர் என்று இருந்தது. பள்ளிச் சான்றிதழிலும் அதை வைத்து வாங்கிய பாஸ்போர்ட்டிலும் மே.

யார் செய்த கோளாறு என்று நான் தேட வேண்டியிருக்கவில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, ஜூனில் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்றார் தலைமையாசிரியர். இன்னும் சில மாதம் இருக்கிறது என்றேன். அப்படியானால் மே என்று எழுதிக்கொள்கிறேன் என்றார். தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மல்லாட்டை விதைக்கிற நேரம். குழந்தையை இன்னொரு வருடம் வீட்டில் வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் கொல்லை வேலைக்குப் போக முடியாது. எங்கள் ஊரில் அந்த வயதுப் பிள்ளைகள் பாதிப் பேர் இப்படித்தான் மே மாதத்தில் பிறந்தார்கள்.

மாடி அறைக்காரனிடம் இதைச் சொன்னபோது சிரித்தான். மதிப்பெண் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னான். போனேன். மேசை இழுப்பறையிலிருந்து புதிதாக ஒரு பிறப்புச் சான்றிதழை எடுத்து, முத்திரையின் மேல் வாயால் ஊதிவிட்டு நீட்டினான்.

"நீங்க பேஜார் பண்ணிக்காதீங்கண்ணே. ரெண்டு தேதி இருந்தா அங்க தூக்கிக் கடாசிடுவான். அதான் நானே ரெடி பண்ணி வச்சிக்கினு இருக்கேன்."

அதில் மே இருந்தது. பிறந்த இடம், என் மனைவி ஒருநாளும் கால் வைக்காத விழுப்புரத்து மருத்துவமனை. நான் இப்படிக் கேட்கவே இல்லை. இருந்தும் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன். வழியெல்லாம், செத்த எலியை மடியில் வைத்திருப்பது போல இருந்தது.

மகள் பார்த்ததும் தூக்கி எறிவாள் என்று நினைத்திருந்தேன். வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தாள்.

"நல்லாத்தான்பா இருக்கு. அனுப்பிடலாம்."

"பொய்யிம்மா இது."

"நீ ஸ்கூல்ல சொன்னது மட்டும் என்னாவாம்? அதுக்குத்தான இது மேட்ச் ஆவுது."

குத்திக்காட்டுகிற குரலே இல்லை. கணக்குக்கு விடை சொல்வது போலச் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் மனைவி தாளை எட்டிப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டாள்.

"நான் வலியில துடிச்சது திண்டிவனத்துல. இந்த ஆஸ்பத்திரில எவ பெத்தாளாம்?"

மகளுக்கு அழுகை வந்துவிட்டது. இதை விட்டால் தனக்கு இன்னொன்று வராது என்றாள். அதுவும் உண்மைதான். இருந்தும் தாளை வாங்கி அடுப்பில் வைத்தேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மறுநாள், நடந்ததைச் சொல்லி ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்க விழுப்புரம் கோர்ட்டுக்குப் போனேன். வாசலில் டைப் அடிக்கிறவரிடம் விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். அவர் அடித்து முடித்து, வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி வாசித்தார். பள்ளியில் தவறான தேதி எழுத ஒப்புக்கொண்டவன் நான், என் மகளுக்கு இதில் பங்கு இல்லை என்று அதில் இருந்தது. எனக்கு முகம் எரிந்தது.

"கூச்சப்படாதய்யா. நானும் மே மாசந்தான்," என்றார் அவர். வரிசை சிரித்தது. முத்திரை வைத்த வக்கீல் அதில் ஒரு வரியும் படிக்கவில்லை. போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நான் கையெழுத்துப் போட்ட பொய்யையும் யாரும் கேள்வி கேட்கவில்லை, உண்மையையும் யாரும் கேள்வி கேட்கவில்லை.

மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் அதையும் உண்மையான சான்றிதழையும் அனுப்பினாள். நான்காம் நாள் பதில் வந்தது. விளக்கம் போதும், விசாவுக்கும் இதே தாள்களைக் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அவள் அதைத் தன் அம்மாவிடம் சொன்னாள். நான் வெளியே நின்று கேட்டேன். விசாவும் வந்தது. அந்தப் போலித் தாளுக்குத் தேவையே இருந்திருக்கவில்லை.

அவள் தைவானுக்குக் கிளம்புவதற்கு முன்பு, மாடி அறையிலேயே விட்டுவந்த மதிப்பெண் சான்றிதழைத் திரும்ப வாங்கப் போனேன். விசா வந்ததைக் கேட்டதும் அவன் எழுந்து வந்து கையைப் பிடித்தான்.

"பாத்தீங்களாண்ணே, நம்ம பேப்பர் வேலை செஞ்சிது."

டீ வரவழைத்தான். உன் தாளை எரித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. டீயைக் குடித்தேன்.

படியிறங்கும்போது என் வயதுக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறி வந்தார். மகனுடைய வெளிநாட்டுத் தாள்களுக்காக வந்திருக்கிறாராம்.

"உங்க வேலை நல்லபடியா முடிஞ்சிதாங்க?"

"முடிஞ்சிதுங்க," என்றேன்.

அவர் முகம் தெளிந்து, வேகமாக மேலே ஏறிப் போனார்.