மரியாதை தெரிந்த மெக்கானிக்

துறைமுக வாசலில் எங்கள் கருவாட்டுக் கண்டெய்னர் காத்து நின்றது. கப்பல் மாலையில் புறப்படுகிறது. டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கனைச் செருகினால், அது என்ன சாதனம் என்றே தெரியவில்லை என்று எங்கள் அலுவலகக் கணினி திரும்பத் திரும்பச் சொன்னது. சுங்கப் படிவத்தில் அந்தக் கையெழுத்து இல்லாமல் சரக்கு உள்ளே போகாது.

முத்தையாபுரத்திலிருந்து ஒரு கணினி மெக்கானிக் வந்தார். என் வயதுதான் இருக்கும். நரைத்த மீசை, சட்டைப்பை நிறையப் பென் டிரைவ்கள்.

"ஏலே, தள்ளி நில்லு" என்றார் என்னிடம். பிறகு கணினியிடம் குனிந்து, "என்ன அண்ணாச்சி, ஒடம்புக்கு என்ன செய்யுது?" என்றார்.

டோக்கனின் பழைய டிரைவர் மென்பொருளை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினார். டோக்கனைச் செருகும்போதெல்லாம், "கொஞ்சம் கண்ணைத் தொறங்க" என்று கணினியிடம் கெஞ்சினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மிஷினுக்கு அண்ணாச்சி, எனக்கு மட்டும் ஏலேயா?"

"அது கோவிச்சா கப்பல் போயிரும். நீ கோவிச்சா என்னல ஆவும்?"

அவர் டோக்கனை முன்பக்கத்திலிருந்து பிடுங்கிக் கணினியின் பின்பக்கத்தில் செருகினார். உடனே அதில் விளக்கு எரிந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். கண்டெய்னர் உள்ளே போனது.

கிளம்பும்போது அவர் வாசலில் நின்று திரும்பி, "வாரேன் அண்ணாச்சி, ஒடம்பப் பாத்துக்கிடுங்க" என்று கும்பிட்டார். எங்கள் இருவரில் யாரைச் சொன்னார் என்று தெரியாமல் நானும் கும்பிட்டு வைத்தேன்.