இரண்டு ரிங், ஒரு ரிங்

முதல் பெட்டி

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் முதல் ஃபைபர் பெட்டியைப் பொருத்தப் போன நாளில், வேலை தொடங்கும் முன்பே என்னை இரண்டு இடங்களில் மறித்துவிட்டார்கள். யுத்த காலம். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த தமிழன், தோளில் கறுப்பு நிற வயர்ச் சுருள், கையில் சிவப்பு லைட் அடிக்கும் ஒரு கருவி. மறிக்காமல் விட்டிருந்தால்தான் ஆச்சரியம்.

இரண்டாவது செக் பொயின்ட்டில் நின்ற ஆமிக்காரன் வயரைத் தொட்டுப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டான். கண்ணாடி என்றேன். அவன் நம்பவில்லை. ஒரு முனையில் லைட்டை அடித்து, மறுமுனையை அவன் உள்ளங்கையில் காட்டினேன். சுருட்டி வைத்த அத்தனை சுற்றையும் தாண்டி ஒரு சிவப்புப் புள்ளி அவன் கையில் விழுந்தது. உடனே பக்கத்தில் நின்றவனையும் கூப்பிட்டு அவன் கையிலும் அடிக்கச் சொன்னான். சோதனை முடிந்தது. எனக்கே அந்தப் புள்ளியைப் பார்த்து அலுத்ததில்லை.

நான் கேபிள் ஜொயின்டர். நிலத்துக்கடியில் ஓடும் செம்புக் கம்பிகளை ஜோடி ஜோடியாக ஒட்டுவதுதான் பல வருட வேலை. அப்படிப்பட்டவன் செம்புக்கு வக்காலத்து வாங்குவேன் என்று நினைப்பீர்கள். இல்லை. கடலோரத்தில் செம்பு படும் பாடு எனக்குத் தெரியும். உப்புக் காற்றில் ஜொயின்ட் பச்சை பூத்துவிடும். ஒரு மழை பெய்தால் போனில் கரகரப்பு, இரண்டு மழை பெய்தால் இன்டர்நெட் போய்விடும். அந்த ஒழுங்கையில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில் இருந்தது. கனடாவில் இருக்கும் பேரக் குழந்தையின் முகம் கொம்பியூட்டரில் பாதி தெரிந்து பாதியில் நின்றுவிட்டால், அம்மாமார் என்னைத்தான் திட்டுவார்கள். ஃபைபர் வரட்டும் என்று மற்ற எல்லோரையும்விட அதிகமாக ஆசைப்பட்டவன் நான்தான்.

எங்கள் கம்பனி அந்த ஒரு ஒழுங்கையில் மட்டும் பரீட்சித்துப் பார்க்க முடிவு செய்தது. இன்டர்நெட், டெலிபோன் இரண்டும் ஃபைபரில். பெட்டிகள் வேலை செய்தால் செம்பை முழுவதும் கழற்றி எடுத்துவிடுவது. எங்கள் மெனேஜர் ரஞ்சித் சேர், நான் வாரா வாரம் ஒரு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும் என்றார். கூடவே ஒரு கட்டளை: பெட்டிக்கு மாற்றிய எந்த வீட்டையும் அவருடைய கையெழுத்து இல்லாமல் மறுபடி செம்புக்கு மாற்றக்கூடாது.

கரண்ட் யாருடையது?

ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஒரு டீச்சர் இருந்தார். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். வீடு அவருடைய தம்பியுடையது, தம்பி லண்டனில். கண் ஒப்பரேஷனுக்காக வந்து அங்கே தங்கியிருந்தார். ஒரு கண் முடிந்து, மற்றக் கண்ணுக்கு நாள் குறித்திருந்தது. அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்றார். பெட்டி போடுவதற்குத் தம்பி லண்டனிலிருந்தே சம்மதம் சொல்லிவிட்டார். அந்த வீட்டில் போனைத் தூக்குகிறவரிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் சுவரில் ஓட்டை போடும்போது அவர் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, உந்தப் பெட்டிக்குக் கரண்ட் வேணுமோ?"

"ஆமாங்க டீச்சர். ப்ளக்ல குத்தணும்."

"பழைய போனுக்கு ஒரு நாளும் குத்தினதில்லையே. அது எப்பிடி வேலை செய்தது?"

இத்தனை வருடத்தில் ஒரு கஸ்டமர் இதைக் கேட்டு நான் கேட்டதில்லை. "எக்ஸ்சேஞ்ச்ல ஒரு ரூம் நிறைய பெட்டரி இருக்குங்க. அங்கேருந்து செம்புக் கம்பி வழியாவே கரண்ட் வந்துரும். கண்ணாடியில கரண்ட் போகாது, வெளிச்சம்தான் போகும்."

"அப்ப இவ்வளவு காலமும் உங்கட கரண்டிலதான் நாங்கள் கதைச்சனாங்கள்?" என்று சிரித்தார். "வெளிச்சம் கொண்டு போற கண்ணாடியெண்டா, என்ர கண்ணுக்கும் ஒரு துண்டு வெட்டித் தாருமன்."

கரண்ட் போனால் பெட்டிக்குள் ஒரு சின்ன பெட்டரி கொஞ்ச நேரம் தாங்கும் என்பதைக் காட்டினேன். போனை எடுத்து டோன் கேட்டார். பழையதைவிடத் தெளிவாக இருக்கிறது என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஐந்து நாளாக ஒன்று

அடுத்த வாரம் பெட்டிகளைப் பார்த்து வரப் போனேன். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி, எல்லா வீட்டிலும் பாராட்டு. கடைசி வீட்டில் மட்டும் ஹோலுக்கு நடுவே சூட்கேஸும் பையும் கட்டி வைத்திருந்தது.

"நல்லதாப் போச்சு நீர் வந்தது. நான் நாளைக்கு வெளிக்கிடுறன். போனை என்ன செய்யிறதெண்டு தம்பியோட கதையும்."

"ஊருக்கா? அப்ப கண் ஒப்பரேஷன்?"

"மாஸ்டருக்குச் சுகமில்லை."

மாஸ்டர் என்பது அவருடைய கணவர். இருதய நோயாளி. வீட்டைப் பார்த்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலேயே இருந்தார். அப்போது தரைப்பாதை மூடியிருந்தது. வடக்கே போவதற்கு பிளேனில் சீட் கிடைப்பது குதிரைக் கொம்பு, போய்விட்டால் திரும்பி வர அனுமதி எடுக்க மாதக்கணக்கில் ஆகும். ஒப்பரேஷனுக்குப் பிறகு திரும்புவதற்காக டீச்சர் தன் கடதாசிகளை எல்லாம் ஏற்கெனவே தயாராக வைத்திருந்தார். யாரோ வேண்டாம் என்று விட்ட ஒரு சீட்டைத் தெரிந்த ஒருவர் பிடித்துக் கொடுத்திருந்தார். நாளைக் காலை பத்து மணிக்கு ரத்மலானை எயார்போட்டில் நிற்க வேண்டும். போனால் அந்தக் கண் போனதுதான். அவருக்கும் அது தெரியும்.

"போன்ல சொன்னாரா டீச்சர்?"

"கதைக்கேல்லை. ரிங் கட்."

ரிங் கட் தெரியாதவர் அந்தக் காலத்தில் இலங்கையில் இல்லை. மணி அடிக்க விட்டு, எடுக்கும் முன்பே வைத்துவிடுவது. மாஸ்டரின் வீட்டில் போன் இல்லை; அவர் டெலிபோன் கடைக்குப் போய் வரிசையில் நின்று கதைப்பது மாதத்துக்கு ஒருமுறைதான். மற்ற நாட்களில் காலை பதினொரு மணிக்கு அதே கடையிலிருந்து ரிங் கட். இரண்டு ரிங் என்றால் சுகம். ஒரு ரிங் என்றால் சுகமில்லை, உடனே வா. இருவருமாகப் பேசி வைத்த கணக்கு அது.

"அஞ்சு நாளா ஒண்டுதான் அடிக்குது, தம்பி. நானும் நாள் முழுக்க அந்தக் கடைக்கு எடுத்துப் பாக்கிறன். எந்த நேரமும் எங்கேஜ்ட். ஆஸ்பத்திரியில கிடக்கிறாரோ, என்னவோ. கடைக்காரர்தான் அவருக்காக ரிங் விடுறார் போல."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் மண்டைக்குள் ஒன்று குடைந்தது. ஐந்து நாள். நான் பெட்டி போட்டுச் சரியாக ஐந்து பதினொரு மணிதான் கடந்திருந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் இரண்டு

பக்கத்து வீட்டு ஐயா பெட்டியே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றவர். அங்கே இன்னும் செம்பு. அவரிடம் கேட்டுக்கொண்டு, அவருடைய போனிலிருந்து டீச்சர் வீட்டுக்கு எடுத்தேன். காதில் ட்ரிங், ட்ரிங். இரண்டு. வைத்தேன். மதிலருகே ஓடிவந்து கத்தினேன்.

"டீச்சர், எத்தனை?"

"ஒண்டு!"

மறுபடி. என் காதில் இரண்டு, அவர் வீட்டில் ஒன்று. மூன்று விட்டேன், இரண்டு என்று சத்தம் வந்தது. நான்கு விட்டேன், மூன்று. பக்கத்து வீட்டு ஐயா எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வாசலில் வந்து நின்றுகொண்டார். எனக்கோ தலைகால் புரியவில்லை. பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

விஷயம் இதுதான். அழைக்கிறவர் காதில் கேட்கிற ட்ரிங், மற்ற வீட்டில் அடிக்கிற மணி அல்ல. அதை எக்ஸ்சேஞ்ச் தன் பாட்டில் போடுகிறது. செம்பில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகப் போகும், அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இந்தப் பெட்டியோ அழைப்பு வந்ததும் விழித்து, யோசித்து, பிறகுதான் மணியை அடித்தது. அதற்குள் முதல் ரிங் போய்விடும். பேசுகிறவர்களுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. பேசாதவர்களுக்குத்தான்.

டீச்சரிடம் சொன்னேன். அவர் நல்ல கண்ணால் என்னை நேராகப் பார்த்தார்.

"அப்ப மாஸ்டர் ரெண்டுதான் விட்டவர் எண்டு சொல்லுறீர்?"

"இருக்கலாம்னு சொல்றேன் டீச்சர். அடிச்சுச் சொல்ல முடியாது. நாளைக்குப் பதினோரு மணிக்கு உங்க நம்பரைப் பழைய செம்புல போட்டு வச்சா தெரிஞ்சிரும்."

"பத்து மணிக்கு நான் ரத்மலானையில நிக்கவேணும்."

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணிவரை இருந்தால் சீட் போய்விடும். செம்பிலும் ஒரு ரிங்தான் அடித்தது என்றால், மறுபடி எப்போது சீட் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. என் பேச்சை நம்பி நிற்க வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

"நான் நிரூபிக்காத கணக்குக்கு மார்க்ஸ் போடுறேல்லை, தம்பி. ஆனா உம்மட வழி பிழையில்லை. காலமை வாரும்."

பதினொரு மணி

கையெழுத்துக்கு ரஞ்சித் சேரைத் தேடினேன். அன்றும் மறுநாள் காலையிலும் அவர் மீட்டிங்கில். எக்ஸ்சேஞ்சில் இருந்த நிமல் அய்யேக்குப் போன் எடுத்து, அந்த நம்பரைப் பழைய ஜோடிக்குத் திருப்பிப் போடச் சொன்னேன். அவர் எனக்குப் பல வருடம் மூத்த சிங்களவர், சட்டம் பார்க்கிற ஆள்; அவர் எனக்கு அய்யே, அதாவது அண்ணன், நான் அவருக்கு மல்லி, தம்பி.

"மல்லி, கையெழுத்து எங்கே?"

"பிறகு வாங்கித் தாரேன் அய்யே. ஒரு அம்மாவோட கண் விஷயம்."

"எனக்கு நீ எடுக்கவே இல்லை, சரியா?" என்று சொல்லி வைத்துவிட்டார். பத்து நிமிடத்தில் செம்பில் டோன் வந்தது. நல்ல வேளையாக ஒழுங்கையின் பழைய வயர்களை நான் இன்னும் கழற்றியிருக்கவில்லை.

போனை மேசையில் வைத்து இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். பத்து மணி போனது. ரத்மலானை போனது. பதினொன்று அடித்தது. ஒன்றுமில்லை. பதினொன்று ஐந்து, ஒன்றுமில்லை. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணின் பயணத்தைக் கெடுத்துவிட்டோமே, இது என்ன வேண்டாத வேலை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பதினொன்று பத்துக்கு மணி அடித்தது.

ஒன்று.

இரண்டு.

நின்றது.

டீச்சர் அப்படியே மேசையில் தலையைச் சாய்த்துவிட்டார். தோள் குலுங்கியது. நானும் அழுதேன், அதைச் சொல்வதில் வெட்கமில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து, "பத்து நிமிசம் பிந்தி வாறார் மனுசன். கடையில ஆரோடயோ அரசியல் கதைச்சிருப்பார்" என்று திட்டிக்கொண்டே பையை அவிழ்க்கத் தொடங்கினார். சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினார்.

"தம்பி. உம்மட பெட்டியில ரெண்டு ஒண்டாகுது. மூண்டு ரெண்டாகுது. அப்ப ஒண்டு?"

முந்தின நாள் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு விட்டேன், மூன்று விட்டேன், நான்கு விட்டேன். ஒன்று விட்டுப் பார்க்கவில்லை.

"மாஸ்டருக்கு உண்மையிலேயே ஏலாமல் வந்து, ஒரு ரிங் விட்டிருந்தா?"

"எதுவும் கேட்டிருக்காது டீச்சர்" என்றேன்.

அவர் கையில் இருந்த சேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ரிப்போர்ட்

ஒப்பீஸுக்குப் போய் ஒரு பெட்டியை மேசையில் வைத்து, ஒரு ரிங் விட்டுப் பார்த்தேன். பத்துத் தடவை. பத்துத் தடவையும் பெட்டி வாயே திறக்கவில்லை. செய்ததை ஒளிக்காமல் எல்லாவற்றையும் ரிப்போர்ட்டில் எழுதி ரஞ்சித் சேரிடம் கொடுத்தேன். கையெழுத்து இல்லாமல் செம்புக்கு மாற்றினதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு மிச்சத்தைப் படித்தார்.

"ரிங் கட்டால கம்பனிக்கு ஒரு சதம் வருமானம் இல்லை. அதுக்கெல்லாம் நாங்க பொறுப்பா?" என்றார் சிங்களத்தில்.

நான் பெட்டியைக் காட்டி, அவருடைய மேசைப் போனிலிருந்து ஒரு ரிங் விடச் சொன்னேன். விட்டார். வைத்தார். பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னொரு தரம்" என்று அவரே சொல்லி மறுபடி விட்டார். பிறகு மாஸ்டருக்கு என்ன வயது என்று கேட்டார்.

பெட்டி செய்தவர்கள் அந்தத் தாமதத்தைச் சரிசெய்து அனுப்பும் வரைக்கும் ஒழுங்கையில் செம்பைத் தொடக்கூடாது என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குள் டீச்சருக்கு மற்றக் கண்ணும் முடிந்தது.

செம்பைக் கழற்றி ஃபைபர் போடலாமா என்று இன்று என்னைக் கேட்டால், போட வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் கழற்றும் முன் அந்த வீட்டில் போனைத் தூக்குகிறவரிடம், இதை வைத்து என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். சொந்தக்காரரிடம் அல்ல, பில் கட்டுகிறவரிடம் அல்ல, தூக்குகிறவரிடம். நான் ஸ்பீட் அளந்தேன், வெளிச்சம் அளந்தேன், டோன் தெளிவா என்று பார்த்தேன். ஒரு ரிங் விட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்த ஐந்து நாட்களில் மாஸ்டருக்குச் சுகமாக இருந்தது, அவ்வளவுதான்.