எர்த்துக் குழிக்கு ஊற்றிய தண்ணீர்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தது ஐந்து பேர். நான், என் அக்கா, பஞ்சுக் கடை வைத்திருந்த மச்சான், மதுரையிலிருந்து கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து பூட்டிய தம்பி, எம்.ரெட்டியபட்டியிலிருந்து முளைப்பாரிப் பாட்டுப் பாட வந்த அம்மா. பழியை மாற்றிப் போட வேறு ஆளில்லை.

அருப்புக்கோட்டையில் மைக்செட் வைத்து, ஊர்ப் பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து விற்றுப் பிழைத்தவன் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடம் சரி. தொண்ணூறுகளின் கடைசியில், என் கேசட்டில் பாட்டைவிட இரைச்சல்தான் கேட்கிறது என்று ஊரில் சொல்ல ஆரம்பித்தார்கள். கம்ப்யூட்டரில் பதிய சாப்ட்வேர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அக்காவின் வளையல் பேங்குக்குப் போனது. மச்சான் பஞ்சு மூட்டை அடுக்கிய பின்கட்டைக் கொடுத்தார். மூட்டைகளுக்கு நடுவே எதிரொலி வராது. பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்குள் முளைப்பாரிப் பாட்டுக் கேசட் தருவதாக ஒத்துக்கொண்டு அட்வான்ஸும் வாங்கிவிட்டேன்.

மதுரைத் தம்பி சவுண்டு கார்டைச் சொருகினார், சாப்ட்வேரை ஏற்றினார். திரையில் இங்கிலீஷில் ஏதாவது கட்டம் வந்தாலே அவரைக் கூப்பிடுவேன்.

"ஒண்ணுமில்லண்ணே, சரியான்னு கேக்குது. அவ்வளவுதான்."

ஹெட்போனை மாட்டினால் 'ம்ம்ம்' என்று ஒரே உறுமல்.

"எர்த்து பிடிக்கல. வெளிய எர்த்துக் கம்பி பொதைச்ச குழி காஞ்சு கெடக்கு. தண்ணி ஊத்துங்கண்ணே."

காலையில் டிராக்டரில் வந்த குடிதண்ணீரை விலைக்கு வாங்கி அக்கா குடங்களில் நிறைத்திருந்தாள். ஒரு குடம் ஊற்றினேன். உறுமல் குறைந்தது. இன்னொன்று. இன்னும் குறைந்தது. எனக்கு மனசு ஆறவில்லை.

"ஏலே மாப்ள, பாட்டு பதியிறியா, நெல்லு நடுறியா?" என்றார் மச்சான்.

கடைசிக் குடமும் போன பிறகுதான் சுத்தமாக நின்றது. ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தினோம்.

அந்த அம்மா வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வந்தவர். மூன்று பாட்டு முடிந்ததும், "தம்பி, ஒரு வாய் தண்ணி" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். "அடுத்த தெருவுல வாங்கியாரேன்" என்று எழுந்தாள்.

கதவைத் திறந்தால் பந்தல்குடி ரோட்டு லாரிச் சத்தம் உள்ளே வரும். நேரமானால் குழி காய்ந்துபோகும், உறுமல் திரும்பிவிடும். அந்தப் பயம் என்னைப் பிடித்துக்கொண்டது.

"இரு, அக்கா. ஒரே ஒரு பாட்டு, முடிச்சிருவோம்."

முடிந்ததும் மறுபடி, "இன்னும் ஒரே ஒரு பாட்டும்மா" என்றேன்.

"எத்தனை ஒரே பாட்டுய்யா உனக்கு?" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். பாதியில் குரல் பிளந்தது. இருமல் நிற்கவில்லை.

"மண்ணுக்கு ஊத்திப்புட்டு மனுசிக்கு இல்லேங்கிறான்" என்றார் மச்சான். இப்போது அவர் சிரிக்கவில்லை. அக்கா யாரையும் கேட்காமல் கதவைத் திறந்து ஓடினாள், சொம்போடு வந்தாள்.

அந்த அம்மா குடித்து முடித்து வாயைத் துடைத்தார். "இன்னைக்கு இம்புட்டுத்தான்யா. பஸ்ஸு போயிரும், வாரேன்."

பேசியது ஐந்நூறு. நான் இருநூறை நீட்டி, "மிச்சம், அந்தப் பாட்டைத் திருப்பிப் பாடுறப்ப" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எப்படி வாய் வந்ததோ. அவர் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அப்புறம் வரவேயில்லை. அந்த ஊர்ப் பஸ்ஸில் ஏற எனக்கும் முகமில்லை.

அந்தப் பாட்டை விட்டுவிட்டு, மற்ற நாலையும் வைத்துக் கேசட் போட்டேன். பழையபடி டேப்பில் பதிந்திருந்தால் இரைச்சலில் மறைந்திருக்கும். இதில் மூன்றாம் பாட்டிலிருந்தே அவர் நாக்கு அண்ணத்தில் ஒட்டி ஒட்டி விடுபடுவது தனியாகக் கேட்கிறது. அத்தனை சுத்தமான பதிவு.

பாக்கி முந்நூறு ரூபாய்.