சிப்பி கட்டிய மூங்கில்கள்

என் வீட்டு வாசல் நிலையில் ஒரு சிப்பிச் சரம் தொங்குகிறது. அழகுக்காக மாட்டியது இல்லை. பார்த்தால் அழகாகவும் இருக்காது. விளிம்பு உடைந்து, உள்பக்கத்துப் பளபளப்பு மங்கிப்போன பழைய முத்துச் சிப்பிகள். கோத்த கயிறு பலமுறை அறுந்து மாற்றியாகிவிட்டது, சிப்பிகள் மட்டும் அன்றைக்கு இருந்தவையே. மத்தியானம் கடல் காற்று ஏறியதும் கலகலவென்று சத்தம் போடத் தொடங்கும். பக்கத்து வீட்டுப் பெண் நல்லவள்தான். ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து, "டீச்சர், பிள்ளையத் தூங்கப் போட்டா இந்தச் சத்தத்துல முழிச்சிருதா. கழத்தி உள்ள வச்சிரக் கூடாதா?" என்று கேட்டாள். கதவை வேண்டுமானால் சாத்திக்கொள்கிறேன், சரத்தைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கிழவிக்குப் பிடிவாதம் என்று நினைத்திருப்பாள். நினைத்துக்கொள்ளட்டும். அந்தச் சத்தம் கேட்டால் இன்றும் என் இடது தோள் தானாக உள்ளே ஒடுங்குகிறது. அப்படி ஒடுங்க அதைப் பழக்கியவள் என் மைனி, அதாவது என் அண்ணன் மனைவி.

இதை எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் கடற்கரையில் பிள்ளைகளுக்கான படகுப் போட்டி என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். தண்ணீருக்கு மேலே கம்பி கட்டி, அதிலிருந்து வண்ணக் குச்சிகளைத் தொங்கவிட்டு, அவற்றுக்கு இடையே பிள்ளைகள் வளைந்து வளைந்து துடுப்புப் போட்டார்கள். பெண் பிள்ளைகளும் இருந்தார்கள், பார்க்க மனம் நிறைந்திருந்தது. அப்போது ஒருவர் மைக்கைப் பிடித்து, இந்தக் கரையில் பெண் பிள்ளைகள் இப்படித் துடுப்புப் பிடிப்பது இதுதான் முதல் தடவை என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. எழுந்து நின்று "அது பொய்" என்று சொன்னேன். கூட்டத்தின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயத்தில் மைனி எங்கள் வீட்டுக்கு வாழ வந்தாள். சொந்த ஊர் புன்னைக்காயல். ஆறு கடலில் கலக்கிற இடம் அது. அங்கே வலை கட்டுவதற்காகத் தண்ணீரில் கம்புகள் ஊன்றியிருப்பார்களாம். அவற்றுக்கு நடுவே சின்ன வள்ளத்தை ஓட்டிக்கொண்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்த்தான் அவள் வளர்ந்தாள். என் அண்ணன் சங்கு குளிக்கிறவன், கடலடியில் மூழ்கிச் சங்கெடுப்பது அவன் தொழில். கல்யாணத்தோடு மைனியின் தம்பியும் அண்ணனுடைய தோணிக்கு வந்துவிட்டான். எங்கள் பக்கம் அது வழக்கம். தண்ணீருக்குள் இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை மேலே பிடித்து நிற்பது அவன் மச்சானாகத்தான் இருக்க வேண்டும். அடியில் மூச்சு முட்டிக் கயிற்றை ஆட்டுகிறவனை, தன் அக்காளை நினைத்தாவது அவன் உடனே இழுத்துவிடுவான் என்ற நம்பிக்கை. மைனிக்கு அப்போது இருபது வயதுகூட இருக்காது, எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று. அவளுக்கு வாய் அதிகம் என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். ஆமாம், அதிகம்தான். அது இல்லாதவர்கள் செய்துவிட்டுப் போன காரியம் எதையும் நான் பார்த்ததில்லை.

துறைமுகத்தில் கப்பல்கள் வெகுதூரத்தில் நிற்கும். சரக்கெல்லாம் தோணியில்தான் போய்வரும். தோணிக்கும் கரைக்கும் ஆள் ஏற்றவும் சோறு கொண்டுபோகவும் சின்ன வள்ளங்கள் உண்டு. ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போட்டால் போதும். பழசாகி ஒதுக்கிய வள்ளம் ஒன்று எங்கள் வீட்டுப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது. மைனி அதற்குத் தார் பூசி ஓட்டையை அடைத்து, உப்பளங்களுக்குக் கடல் நீர் போகிற பெரிய வாய்க்காலில் இறக்கினாள். கடல் ஏறும்போது அந்த வாய்க்காலில் தண்ணீர் உள்ளே பாய்ந்து வரும், வற்றும்போது அதே வேகத்தில் வெளியே ஓடும். அந்த ஓட்டத்தில் அவள் இரண்டிரண்டாக மூங்கில்களை ஊன்றினாள். ஆண்கள் கடலுக்குப் போன பிறகு காலையில் அவள் மட்டும் போவாள். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த மூங்கில்களுக்கு நடுவே அவள் போனதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. எனக்கும் வேண்டும் என்று கேட்டேன். என்னைப் பார்த்துத் தெருவில் இருந்த மற்றப் பெண் பிள்ளைகளும் கேட்டார்கள்.

சொல்லிக்கொடுப்பது என்றால் என்னவென்றே மைனிக்குத் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு கத்துவாள், அவ்வளவுதான். நன்றாகச் செய்தால் பாராட்ட மாட்டாள், உடனே தானே வள்ளத்தில் ஏறி எங்களை விட வேகமாகப் போய்க் காட்டிவிட்டு, "இப்ப என்ன செய்வ?" என்று சிரிப்பாள். எங்களோடு போட்டி போட்டாள், சிறுபிள்ளைகள் என்று ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. எனக்கு அழுகை வரும். மறுநாள் அவளுக்கு முன்னால் வாய்க்காலுக்குப் போய் நிற்பேன். அவள் வாயிலிருந்து வந்த உருப்படியான பேச்சு ஒன்றே ஒன்று: "ஏளா, மூங்கிலப் பாக்காத. மூங்கிலுக்கு அங்கிட்டு இருக்க தண்ணியப் பாரு. எதப் பாக்கியோ அதுலதான் போயி முட்டுவ." இதை நான் பிறகு வாழ்க்கையில் பல இடங்களில் பயன்படுத்தியிருக்கிறேன். அன்றைக்கு அது மூங்கிலைப் பற்றியது மட்டும்தான்.

மூங்கிலைத் தொடாமல் தாண்டுவதுதான் ஆட்டம். தொட்டோமா இல்லையா என்று எங்களுக்குள் தினமும் சண்டை. ஒருத்தி தொட்டாய் என்பாள், மற்றவள் மாதா மேல் சத்தியம் செய்வாள். முத்துக் குளிப்பு நின்று பல வருஷம் ஆகியிருந்தாலும் கரையில் பழைய சிப்பிக் குவியல்கள் கிடந்தன. மைனி ஆணியைப் பழுக்கக் காய்ச்சி அவற்றில் துளை போட்டு, சரமாகக் கோத்து ஒவ்வொரு மூங்கிலின் தலையிலும் கட்டிவிட்டாள். துடுப்போ தோளோ லேசாக உரசினாலும் சிப்பி காட்டிக்கொடுத்துவிடும். சத்தம் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காற்று எழுவதற்கு முன்னால், வாய்க்கால் அமைதியாக இருக்கும்போது, ஒரு சிப்பிகூடப் பேசாமல் கடைசி மூங்கிலைத் தாண்டிய காலை எனக்கு நினைவிருக்கிறது. மைனி சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். எனக்கு அவளை அவ்வளவு பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

பையன்கள் முதலில் கரையில் நின்று கேலி செய்தார்கள். அப்புறம் வள்ளம் கொண்டு வந்தார்கள். வருஷாவருஷம் திருவிழாவை ஒட்டித் தோணிக்காரர்கள் படகுப் பந்தயம் நடத்துவார்கள், நேராகப் போய் நேராக வருகிற பந்தயம். இந்த வருஷம் வாய்க்காலில் மூங்கில் பந்தயம் வைக்கலாம், அதுதான் பார்க்க நன்றாக இருக்கிறது என்று முடிவானது. எங்கள் வாய்க்கால், எங்கள் மூங்கில், எங்கள் சிப்பி. பந்தயத்தில் ஆண் பிள்ளைகள் மட்டும். எங்கள் விளையாட்டை எடுத்துக்கொண்டு எங்களை விட்டுவிட்டார்கள்.

பந்தயத்தை நடத்துகிறவர் பெரிய தண்டல். தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்போம். எல்லாத் தண்டல்களுக்கும் மூத்தவர் அவர். அவர் பேச்சுக்குக் கரையில் மறுபேச்சு கிடையாது. மைனி என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். அண்ணன் வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை.

"கடல்ல இறங்குறது ஆம்பள வேலைம்மா. பொம்பளப் பிள்ளைய ஊருக்கு முன்னால வள்ளத்துல ஏத்துததா? வம்புக்கு நிக்காத" என்றார் பெரிய தண்டல்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரரு குளிக்க இறங்குதாரு, என் தம்பி கயிறு பிடிக்கான்" என்றாள் மைனி. "எல்லாருக்கும் மச்சான்தான் பிடிக்கான். ஏன் பிடிக்கான்? அக்கா தாலி அறுந்திரக் கூடாதுன்னுதான? எங்க பேரச் சொல்லித்தான உங்க உயிரக் கயித்துல தொங்க விட்டிருக்கீய? அதுக்கு நாங்க வேணும். வள்ளத்துல ஏற மட்டும் வேண்டாமோ?"

அவர் முகம் சிவந்துவிட்டது. அங்கே இருந்த மற்ற ஆண்கள் குனிந்துகொண்டார்கள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி, இந்தப் பிள்ள ஒருத்தி வரட்டும்" என்றார். "ஆனா ஒரு மூங்கிலத் தொட்டாலும் அம்புட்டையும் அன்னைக்கே பிடுங்கிருவோம். தெரிஞ்சுக்கோ."

"பிடுங்குங்க" என்றாள் மைனி.

வெளியே வந்ததும்தான் எனக்குக் காரியத்தின் கனம் புரிந்தது. பையன்கள் மூங்கிலைத் தொட்டால் எடுத்த நேரத்தோடு கொஞ்சம் கூட்டிக் கணக்குப் போடுவார்கள், அதோடு சரி. நான் தொட்டால் தெருப் பெண்கள் எல்லோருக்கும் வாய்க்கால் போய்விடும். இது என்ன நியாயம் என்று மைனியிடம் கேட்டேன். நியாயமே இல்லை, போய்த் தூங்கு என்றாள்.

பந்தயத்தன்று காலையில் ஊரே வாய்க்கால் கரையில் கூடியிருந்தது. ஆனால் பந்தயத்தைத் தொடங்கிவைக்க வேண்டிய பெரிய மனிதர் வரவில்லை. எங்கள் கரையில் பிறந்த எவனுக்கும் கடல் காற்று எப்போது எழும் என்று தெரியும். அப்படியிருந்தும் அவருக்கு மாலை போட்டு மரியாதை செய்வதற்காக அத்தனை பேரும் வெயிலில் காத்து நின்றார்கள். அவர் வந்து நாற்காலியில் உட்காரவும் காற்று எழவும் சரியாக இருந்தது. எந்த வள்ளமும் இறங்காமலேயே எல்லா மூங்கிலும் கலகலவென்று அடிக்கத் தொடங்கின. யார் தொட்டார்கள், எப்போது தொட்டார்கள் என்று இனி எப்படிச் சொல்வது? பெரிய தண்டல் தலையைச் சொறிந்தார். பந்தயம் நின்றுபோகும் போலிருந்தது. அப்போது மைனிதான் முன்னால் வந்து, "ஈரச் சுண்ணாம்ப மூங்கில்ல பூசுங்க அண்ணாச்சி. தொட்டவ மேல வெள்ள இருக்கும், தொட்டவன் மேலயும் இருக்கும்" என்றாள். பக்கத்துச் சுண்ணாம்புக் காளவாயிலிருந்து வாளியில் கொண்டுவந்து பூசினார்கள்.

பையன்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். நான் கடைசி. எங்கும் சிப்பிச் சத்தம். ஒரு சத்தமும் வரக் கூடாது என்று பழகிய உடம்பு அது. இப்போது எல்லாத் திசையிலிருந்தும் தப்பு தப்பு என்று கத்துவதுபோல் இருந்தது. மூங்கிலுக்கு அப்பால் இருந்த தண்ணீரை மட்டும் பார்த்தேன். நன்றாகத்தான் போனேன். ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பி ஏற வேண்டிய மூங்கில் ஜோடி ஒன்று இருந்தது. அங்கே வள்ளத்தைத் திருப்பும்போது காற்று முனையைத் தள்ளியது. இடது தோளில் ஈரமாக ஏதோ பட்டது. மீதியையும் முடித்துக் கரையேறினேன். சுண்ணாம்பு பட்ட இடம் எரிந்துகொண்டிருந்தது.

தொட்டேன். இல்லை என்று நான் என்றைக்கும் சொன்னதில்லை. ஆனால் ஜெயித்து மாலை போட்டுக்கொண்ட பையனின் முதுகிலும் முழங்கையிலும் வெள்ளை இருந்ததே! அவனை மறுபடி வள்ளத்தில் ஏறாதே என்று யாராவது சொன்னார்களா? மைனி அதைக் கேட்டாள், ஊருக்கு முன்னால் சத்தமாகவே கேட்டாள். "அது வேற" என்றார் பெரிய தண்டல். எப்படி வேறு என்று இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்கு விளங்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் மூங்கில்களைப் பிடுங்கினார்கள். உன் வீட்டுப் பெண்கள் செய்தது, நீதான் முதலில் கை வைக்க வேண்டும் என்று அண்ணனை இறக்கினார்கள். அவன் யார் முகத்தையும் பார்க்காமல் ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். உடைத்துப் போடு என்றார்கள். அவன் உடைக்கவில்லை. தோளில் சுமந்து வந்து எங்கள் வீட்டுச் சுவரில் வரிசையாகச் சாய்த்துவைத்தான், சிப்பிச் சரங்களோடு. நான் அழுது முடித்துவிட்டு மைனியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் எண்ணெய் தொட்டு என் தோளில் தடவிக்கொண்டே, "காலைல சீக்கிரம் எந்திரி" என்றாள். 

மறுநாள் காலையில் தெருப் பெண் பிள்ளைகள் எல்லோரும் ஆளுக்கொரு மூங்கிலைத் தூக்கிக்கொண்டு போனோம். மைனி பெரிய கல்லால் அடித்து அடித்துப் பழைய குழிகளிலேயே ஊன்றினாள். செய்தி போய்ப் பெரிய தண்டல் ஆட்களோடு வந்து கரையில் நின்றார். "அன்னைக்கு என்ன பேச்சு பேசுனோம்?" என்று அதட்டினார்.

மைனி தண்ணீரில் நின்றபடியே திரும்பினாள். "தொட்டா பிடுங்குவோம்னீய. பிள்ள தொட்டுட்டா, பிடுங்குனீய. நானும் சரின்னேன். திரும்ப நட மாட்டோம்னு நான் எப்பச் சொன்னேன்?"

அன்றைக்கு அவர்கள் பிடுங்கினார்கள். அதற்கு மறுநாள் நாங்கள் நட்டோம். இப்படியே கொஞ்ச காலம் ஓடியது. நடுகிறவர்களில் பிடுங்குகிறவர்களின் மகள்களும் தங்கச்சிகளும் இருந்தார்கள், அதுதான் அவர்களுக்குச் சங்கடம். முதலில் ஆட்கள் வராமல் போனார்கள், பிறகு பெரிய தண்டலும் வரவில்லை. யாரும் எங்களுக்கு அனுமதி தரவில்லை. அடுத்த வருஷப் பந்தயத்திலும் எங்கள் பெயரைக் கூப்பிடவில்லை. ஆனால் பையன்கள் பந்தயத்துக்குப் பழக வருகிற நேரமெல்லாம் வாய்க்காலில் எங்களுக்குப் பின்னால்தான் வரிசையில் நின்றார்கள். நாங்கள் முடித்த பிறகுதான் அவர்களுக்கு இடம்.

மைனி போய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த வாய்க்கால் தூர்ந்து, மேலே ரோடு போகிறது. கடைசி மூங்கில் உளுத்துப்போனபோது அதன் தலையிலிருந்து அவிழ்த்து அவளே என் கையில் கொடுத்த சரம்தான் வாசலில் தொங்குவது.

நேற்று மத்தியானம் வழக்கம்போலக் காற்று எழுந்தது, சிப்பிகள் அடித்தன. பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் முழித்துக்கொண்டு, கண்ணைக் கசக்கியபடி என் வாசலுக்கே வந்துவிட்டாள். எட்டி எட்டிப் பார்த்தாள், எட்டவில்லை. ஒரு துள்ளு துள்ளிச் சரத்தைக் கையால் தட்டினாள். அவள் அம்மா உள்ளேயிருந்து பதறி ஓடிவந்து, "ஏளா, தொடாத!" என்று கையை ஓங்கினாள்.

"நீ சும்மா இரு" என்றேன் நான். "தொடட்டும். சத்தம்தான வரும்."