நோகாத புண்

நோகாத புண்ணுக்கு நோகிற மருந்து எடுக்க வாருங்கள் என்று வீடு வீடாகக் கூப்பிடுவதுதான் இப்போது என் வேலை. நீட்டிய துண்டுப்பிரசுரம் கண்ணெதிரே கச்சான் கடலை சுற்றப் போவதைக் கண்டவர்களுக்கு என் நிலைமை விளங்கும். திருகோணமலைத் துறைமுகத்தில் நாற்பது வருசம் தொழிற்சங்கக்காரனாக இருந்தவன் நான். கூட நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பதவிக் கதிரை தேடிப் போனார்கள். நான் நோட்டீசோடு நின்றுவிட்டேன். மணல் ஈ பரப்பும் தோல் நோய் எங்கள் மாவட்டத்துக்கும் வந்தபோது, நோட்டீஸ் கொடுக்கச் சுகாதாரப் பணிமனை என்னைத்தான் தேடியது.

ஈ எங்கே?

பணிமனை தந்த நோட்டீஸ் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் காகிதம் போல இருந்தது. இரண்டு நாள் இருந்து நானே புதிதாக எழுதினேன். குப்பை அள்ளாதது யார், காட்டை அழித்தது யார், நோய் வருமென்று தெரிந்தும் பேசாமல் இருந்தது யார், எல்லாம் எழுதினேன். நான் எழுதிய நல்ல நோட்டீஸ்களில் அது ஒன்று. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

என்னோடு வேலை செய்யும் சுகாதாரப் பரிசோதகர் நசீர் கிண்ணியாக்காரர், என் மகன் வயது. இரண்டு தரம் வாசித்தார். பிறகு அமைதியாகக் கேட்டார்: “ஐயா, இதில அரசாங்கம் எட்டு இடத்தில வருது. ஈ எந்த இடத்தில வருது?”

திருநீறு

ஈச்சிலம்பற்றில் வேலுப்பிள்ளை என்று வயல் செய்யும் கமக்காரர் ஒருவர். நெற்றியில் ஐந்து மாதமாகச் சிவந்த புண். குட்டநோய் என்று சனம் கதைக்கும் என்ற பயத்தில் திருநீற்றை அப்பி மறைத்திருந்தார். ஊர் அவருக்குப் பக்தி கூடிவிட்டதென்று நினைத்தது.

குட்டம் இல்லை, மாறும் நோய்தான் என்று சொன்னேன். ஆனால் விட்டால் வடு நிற்கும். அவரைக் கடித்த ஈ அவருடைய மூன்று பிள்ளைகளையும் கடிக்கும். பயந்து என்னோடு பெரியாஸ்பத்திரிக்கு வந்தார். புண்ணுக்குள்ளேயே ஊசி. காயும்வரை கிழமைக்கு ஒன்று. அடுத்த கிழமை ஆளைக் காணவில்லை. வீட்டுக்குப் போனேன். “புண் ஒரு நாளும் நோகேல்ல ஐயா. உங்கட மருந்துதான் நோகுது.”

பொல்லடித் தழும்பு

மூன்றாம் முறை போனபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. சட்டைக் கையை மடித்து, துறைமுக மறியலில் பொலிஸ் பொல்லுத்தடியால் வாங்கிய தழும்பைக் காட்டினேன். “நோவைப் பற்றி எனக்குச் சொல்லாதேங்கோ” என்றேன். மேடையில் இந்த இடத்தில் கைதட்டுவார்கள்.

வேலுப்பிள்ளையின் மனைவி பூமணி கைதட்டவில்லை. கிட்ட வந்து பார்த்தார். தழும்பின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கட்டி இருந்தது. மாரி தொடங்கினால் பழைய காயம் கிளம்பும் என்று இரண்டு மாதமாக அதைப் பெருமையோடு சுமந்து திரிந்தவன் நான். பூமணி நோட்டீசை வாங்கி, அதிலிருந்த புண்ணின் படத்தை என் கைக்குப் பக்கத்தில் பிடித்தார். “நீங்கள் வீடு வீடாக் கொண்டு திரியிறது நோட்டீசை மட்டும் இல்லை ஐயா.”

ஒரே வாங்கு

சோதித்துப் பார்த்தார்கள். அதேதான். கிளினிக் வாங்குப் பலகையில் நானும் வேலுப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். “முதல் நீங்கள் போங்கோ, பாப்பம்” என்று அவர் வாசலில் நின்றுகொண்டார். பொல்லடிக்கு வாய் திறக்காத நான் ஊசி புண்ணுக்குள் இறங்கியதும் “அம்மா” என்று கத்திவிட்டேன். நசீர் சுவரைப் பார்த்தார். வேலுப்பிள்ளை சிரித்துச் சிரித்து, நெற்றித் திருநீற்றைத் துடைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு கிழமையும் அவர் தவறவில்லை. புண் காய்ந்தது, பிள்ளைகளுக்கு ஒன்றும் வரவில்லை. எப்படி இந்த மாற்றம் என்று நசீர் கேட்டிருக்கிறார். “நான் வராட்டி அந்த மனுசன் ஊசிக்கு ஓடி ஒளிஞ்சிடும், தம்பி.”

நாற்பது வருசம் வீரத்தைக் காட்டி ஒருவரையும் இரண்டாம் கூட்டத்துக்கு வரவைக்க ஏலாத நான், ஒரே ஒரு தரம் “அம்மா” என்று கத்தி ஒரு கமக்காரரைக் கடைசி ஊசி வரை வரவைத்தேன்.